விடுதிக்குச் சென்ற பிள்ளையின் உணவுத் தட்டு

பல்கலைக்கழகத்தின் முதல் அரையாண்டு முடிந்து பிள்ளை வீடு திரும்பும் நாள், பல இல்லங்களில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே நுழைகின்ற நாளாகும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் சென்ற பிள்ளை கன்னம் ஒட்டி வந்து நிற்கின்றது. அல்லது பழைய ஆடைகள் இறுகுமளவுக்குப் பருத்து வந்து நிற்கின்றது. "ஒழுங்காய்ச் சாப்பிடுறாயா பிள்ளை?" என்ற கேள்வி அதன் பின்னர் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் தவறாது இடம்பெறுகின்றது.

இது எமது நாட்டிற்கு மட்டும் உரிய கவலையன்று. முதலாமாண்டு மாணவர் 15 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 7 கிலோகிராம் நிறை கூடுவர் என்றொரு நம்பிக்கை அமெரிக்காவில் நீண்டகாலமாக நிலவுகின்றது. ஆய்வுகளோ சராசரி அதிகரிப்பு ஒன்று, ஒன்றரைக் கிலோகிராம் அளவிலேயே உள்ளதாகக் காட்டியுள்ளன. நிறை குறைந்தோரும் மாணவரிடையே உள்ளனர்.

இங்கு நிலைமை சற்று வேறானது. காலை விரிவுரைக்கு ஓடும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது காலையுணவாகும். பத்து மணிக்கு ஒரு ரோல்ஸும் தேநீரும், மதியம் சோற்றுப் பார்சல், இரவில் பாணும் பருப்பும் அல்லது கொத்து ரொட்டி. வயிறு நிரம்புகின்றது, மரக்கறி, பழம், மீன், முட்டை ஆகியன குறைகின்றன. ஹலால் பற்றிய ஐயத்தினால் இறைச்சியை அறவே தவிர்க்கும் முஸ்லிம் மாணவரும், மரக்கறி மட்டுமே உண்ணும் இந்து மாணவரும் இத்தகைய சிற்றுண்டிச்சாலைகளில் மேலும் சிரமப்படுகின்றனர். நோன்பு காலத்தில் ஸஹருக்கு இரவே வாங்கி வைத்த ஆறிய சோற்றை உண்பதா, வெறுமனே நீர் அருந்துவதா என்பதும் விடுதியில் தாமே தீர்க்கவேண்டிய பிரச்சினையாகும்.

பணமும் ஒரு காரணமே. மஹாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2022 நெருக்கடிக்குப் பின்னரான விலைகளில் அது எத்தனை நாட்களுக்குப் போதும் என்பதைக் கடைக்குச் செல்லும் எவரும் அறிவர். (எமது மாணவ காலத்திலும் மாதக் கடைசி வாரம் பாண் வாரமாகவே இருந்தது.) வீட்டின் கஷ்டத்தை உணர்ந்த பிள்ளை, பணம் கேட்கக் கூச்சப்பட்டு உணவைக் குறைக்கின்றது. ஆகவே "ஏன் மெலிந்தாய்?" என்று கேட்பதை விட "சாப்பாட்டுக்கு எவ்வளவு முடிகிறது?" என்று கேட்பதே பயனுடையது.

பருத்து வந்த பிள்ளையை உறவினர் முன்னிலையில் கேலி செய்வது, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் திருமணப் பேச்சை இழுத்து எச்சரிப்பது, எமது சமூகங்களில் சர்வசாதாரணம். அதன் விளைவாகப் பட்டினி கிடந்து, பின்னர் ஒரேயடியாக உண்டு, குற்றவுணர்வில் வாந்தியெடுக்கும் நிலைக்குச் சிலர் செல்கின்றனர். இது நோயாகும், பிடிவாதமன்று.

கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தல் தவறு. உடற்திணிவுச் சுட்டெண் 18.5இற்குக் கீழே இருப்பின் நிறை குறைவு. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு 2004இல் சுட்டிக்காட்டியது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு இது ஏறக்குறைய 47 முதல் 59 கிலோகிராம் வரையாகும். இவ்வெல்லைக்குள் இரண்டு கிலோகிராம் கூடிக் குறைவதற்காக வீட்டில் விசாரணை தேவையில்லை.

ஆனால் சில வாரங்களில் நிறை வேகமாக இறங்குதல், மாதவிடாய் நின்றுபோதல், அடிக்கடி தலைச்சுற்று, பிறருடன் அமர்ந்து உண்ண மறுத்தல் ஆகியவற்றை அலட்சியப்படுத்தலாகாது. அளவிறந்த தாகத்துடன் மெலிந்தால் இரத்தத்தில் சீனியின் அளவை உடனே பரிசோதிக்க வேண்டும். சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லவே பிள்ளை அஞ்சினால் காரணம் பகிடிவதையாகவும் இருக்கலாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது தண்டனைக்குரிய குற்றமாகும். உடல் சார்ந்தவற்றுக்குப் பல்கலைக்கழக வைத்திய நிலையத்தையும், மனம் சார்ந்தவற்றுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் நாடலாம்.