ஊறுகாய் ஜாடிக்கும் இந்தக் கிண்ணத்துக்கும் என்ன சொந்தம்?

இன்னிக்கு ஒரு கிண்ணத்தைப் பத்திப் பேசலாம். சாப்பிடுற கிண்ணம் இல்ல. ஹலிமா கஸெல்னு ஒரு பிரிட்டிஷ் கலைஞர் ஸ்டோன்வேர் மண்ணுல செதுக்குறது. போட்டோவுல பார்த்தா கல்லுன்னே நினைப்பீங்க.

முதல்ல, ஸ்டோன்வேர்னா என்ன? பாட்டி வீட்டுல பாதி பழுப்பு, பாதி வெள்ளையா ஒரு ஊறுகாய் ஜாடி இருக்கும்ல, அதேதான். மண்பானை குறைஞ்ச சூட்டுல வேகுது, அதனால தண்ணி கசியும், குளிரும். ஸ்டோன்வேர் ஏறக்குறைய 1200 டிகிரிக்கு மேல போகும். மண்ணுக்குள்ள ஒரு பகுதி கண்ணாடி மாதிரி உருகி, துளைகளை அடைச்சிடும். உப்பும் எண்ணெயும் ஊறாது.

ஹலிமா 1975-ல் பாகிஸ்தானில் பிறந்தவர். வளர்ந்தது இங்கிலாந்தின் லங்காஷயர். அவர் வேலையில் இஸ்லாமியக் கட்டடங்களின் ஜியோமிதி வடிவங்கள் இருக்கு, ஆப்பிரிக்க வடிவமைப்பும் இருக்கு. ஆனா காப்பியடிச்ச மாதிரி இருக்காது. ஏன்னா, மசூதிச் சுவர் தட்டை. அதுல காம்பஸும் ஸ்கேலும் வெச்சு ஒரு அறுகோணத்தைப் போட்டா, பக்கத்துல இன்னொண்ணு, அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணுன்னு போயிட்டே இருக்கலாம். கிண்ணம் வளைவு. அறுகோணத்தை மட்டும் வெச்சு ஒரு உருண்டையை மூடவே முடியாது. ஃபுட்பாலைப் பாருங்க, நடுவுல 12 ஐங்கோணம் இருந்தே ஆகணும். அதனால கிண்ணத்தோட அடிப்பக்கம் போகப் போக வடிவம் சுருங்கணும், சாயணும். அந்தச் சாய்வுதான் பாக்குறப்போ சுழலுற மாதிரி ஒரு தலைசுத்தல் தருது. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

சரி, செதுக்குறது எப்போ? களிமண் ஈரமா இருந்தா கத்தி இழுத்துட்டுப் போயிடும், முழுசா காஞ்சா உடையும். நடுவுல செருப்புத் தோல் பதத்துல ஒரு சில நாள் கிடைக்கும். சுவரை முதல்லயே ரொம்பத் தடிமனா வெச்சு, வடிவத்தை வரைஞ்சு, உள்ள ஆழமா வெட்டணும். ஒரு வெட்டு தப்பினா, திரும்ப ஒட்டினாலும் அது தெரியும்.

தடிமன்தான் ஆபத்தும். மெல்லிசான இடம் சீக்கிரம் காயும், தடிமனான இடம் மெதுவா காயும், நடுவுல விரிசல். உள்ள ஈரம் மிச்சம் இருந்து சூளை 100 டிகிரியைத் தாண்டினா, நீராவி வெளிய வர வழியில்லாம துண்டு துண்டா வெடிக்கும். வாரக்கணக்கான வேலை போச்சு. அதனாலதான் சுட்ட மண்ணை இடிச்ச தூளைக் களிமண்ணுல கலக்குறாங்க, ஈரம் வெளியேற வழி வேணும். மூடி வெச்சு மெதுவா காயவிடவும் செய்யுறாங்க.

இதுல அவர் இன்னொரு சிக்கலை தானே இழுத்துப் போட்டுக்கிட்டார். ‘வர்ச்சூஸ் ஆஃப் யூனிட்டி’ங்கிற தொடர்ல, ஒவ்வொரு நாட்டோட மண்ணுல ஒரு கலம். ஒரு மண் சிவப்பு, ஒண்ணு வெளுப்பு. ஒவ்வொண்ணும் வேற அளவு சுருங்கும், எல்லா மண்ணும் ஒரே சூட்டைத் தாங்காது. புது மண் வந்தா, திரும்ப முதல்ல இருந்து கத்துக்கணும்.