கோணல் சட்டம் நேராகுமா?

வரப்பில் இருபது ஆண்டு நின்ற தேக்கை வெட்டி, ரம்ப மில்லில் சட்டமாக அறுத்து, முற்றத்துச் சுவரில் சாய்த்து வைக்கிறார்கள். இரண்டு வாரம் வெயில் அடித்ததும் சட்டம் வில்லாக வளைந்து நிற்கிறது. மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காயவைத்த விதத்தில்தான் கோளாறு.

ஆரணிப் பக்கம் நெல்வயலும் குழித்தறியும் ஒரே வீட்டில் இருப்பது புதிதல்ல. வயலில் வெட்டிய மரம் தறிக்கும் போகிறது. நெய்த சேலையைச் சுருட்டும் படமரம் சற்றே கோணினாலும் பாவு ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தொய்யும். இழை அறும், சேலையின் நெசவு சீராக விழாது.

பச்சை மரத்தின் ஈரம் சுமார் 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம் அதிகம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறத்தாழ பாதிதான். இந்த ஏற்றத்தாழ்வால் பலகை குழிகிறது. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் வளைகிறது. நார் சுற்றி வளர்ந்த மரமானால் முறுக்கிக்கொள்கிறது.

தேய்பிறையில் வெட்டினால் வளையாது என்று ஊரில் சொல்வார்கள். வெட்டும் நாளைவிட அடுக்கும் விதமே முக்கியம். அறுத்த அன்றே இரு முனைகளிலும் பெயிண்டோ மெழுகோ பூசுங்கள். முனை முந்திக் காய்ந்தால் வெடிக்கும். நிழலில், காற்றோட்டமான கொட்டகையில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே 1 அங்குலக் குச்சிகள், இரண்டடிக்கு ஒன்று. மேல் குச்சி கீழ்க் குச்சிக்கு நேர் மேலே வர வேண்டும். இதில் தவறினால் அடுக்கே மரத்தை வளைத்துவிடும். உச்சியில் பாரக்கல். ஒரு துண்டை மாதம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

ஏற்கெனவே வளைந்ததை நனைத்துக் கல் ஏற்றி நிமிர்த்தப் பார்ப்பவர்கள் உண்டு. கடற்கரையில் படகு கட்டுவோர் பலகைக்கு அனல் காட்டி வளைப்பார்கள்தான். ஆனால் வளைத்த கையோடு அதைப் படகின் விலாச் சட்டத்தில் பிணைத்துவிடுவார்கள், அதனால் நிற்கிறது. பிணைப்பில்லாத சட்டம் காய்ந்ததும் பழைய கோணலுக்கே திரும்பும்.

செதுக்கித்தான் நேராக்க வேண்டும். முதலில் தேவையான நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 8 அடிச் சட்டத்தின் நடுவில் 1 அங்குலம் சீராக வளைந்திருந்தால், இரண்டு 4 அடித் துண்டாக்கியதும் ஒவ்வொன்றிலும் கால் அங்குலமே மிஞ்சும். இழைப்புளிக்கு வேலை குறைவு, மரமும் வீணாகாது. முறுக்கைக் காண, ஒரே அகலமுள்ள நேரான இரண்டு குச்சிகளை இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றாகத் தெரியும்வரை மேடான மூலைகளை இழையுங்கள். அந்த முகம் நேரான பிறகு, அதற்கு மூலைமட்டம் வைத்து ஒரு விளிம்பு. மற்ற இரண்டும் அவற்றைப் பார்த்து.

விளிம்பு மட்டும் வளைந்த பலகைக்கு இழைப்புளி வேண்டாம். நேரான ரீப்பர் ஒன்றைப் பலகைமேல் ஆணியடித்து, ரீப்பரின் விளிம்பு வட்ட ரம்ப மேசையின் தடுப்பை உரசியபடி தள்ளுங்கள். ரம்பம் நேர்க்கோட்டில் அறுத்துத் தரும். ஆணி, ரம்பம் ஓடும் வழியில் இருக்கக் கூடாது.

பட்டா நிலத்துத் தேக்கானாலும் வெட்டும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படமரத்துக்கு இன்னொன்று. குழித்தறி அறையில் ஈரம் அதிகம். கடைசி இழைப்புக்கு முன் மரத்தை அந்த அறையிலேயே இரண்டு வாரம் கிடத்திவிட்டு, பிறகு இழைத்து, சுற்றிலும் சமமாக எண்ணெய் பூசுங்கள்.