தேய்ந்த முலாமும் தேயாத பெயரும்

செப்படிவித்தைக்குரிய நாணயம் கைபட்டுக் கைபட்டு முலாம் தேய்ந்து, அடியிலுள்ள செம்பு தெரியுமாயின், துலக்குதல் தீர்வாகாது. எஞ்சிய வெள்ளியும் அதனால் கழியும். எண்ணெய்ப்பசை நீக்கி, மீண்டும் மின்முலாம் பூசுவதே வழி. வெள்ளிக் கரைசலில் நாணயத்தை எதிர்மின்வாயாக இணைத்தால், வெள்ளி அதன்மீது மென்படலமாகப் படியும். அக்கரைசலில் பெரும்பாலும் சயனைடு நஞ்சு உண்டாதலின், இது பட்டறைக்குரியது, வகுப்பறைக்குரியதன்று.

நாணயத்தில் வெள்ளி குறைந்தும் பெயர் குறையாத வரலாறு நம் வழக்கில் உண்டு. மலாக்காவை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1903இல் வெளியிட்ட டாலர் நாணயத்தில் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. 1919இல் அது 50 ஆயிற்று. இன்றைய நாணயங்களில் வெள்ளி அறவே இல்லை. எனினும், மலாக்காத் தோட்டங்களிலும் நகரங்களிலும் நாம் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றே வழங்குகிறோம். உலோகம் நீங்கியும் சொல் நின்றது. அச்சொல்லை நாமே கைவிடின், மீண்டும் பூசுதற்கு முலாம் இல்லை.