புதைத்த பின்னும் காவல்

வீட்டுக் குப்பையை நாம் எரிக்கிறோம்; மக்க விடுகிறோம்; நீரில் கரைய விடுகிறோம். இம்மூன்றுக்கும் கட்டுப்படாத குப்பை ஒன்று உண்டு. அதுவே கதிரியக்கக் கழிவு. நெருப்பு அதன் உருவத்தை மாற்றுமேயன்றி, அதன் கதிரை அணைக்காது. அவ்வாறாயின், அத்தகைய கழிவை உண்டாக்கிய ஆலையை மூடியபின் அதன் நிலத்தைத் தூய்மை செய்தல் என்பதற்குப் பொருள் யாது? அதனை இங்கு ஆராய்வோம்.

ஈப்போவின் ஆலை

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாலத்தைக் கடந்து, வடக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் ஈப்போ நகர் வரும். அதனை அடுத்த புக்கிட் மேராவில், 'ஏசியன் ரேர் எர்த்' என்னும் ஆலை 1982இல் வேலை தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்துக்கு அதில் பங்கு இருந்தது.

அஃது அணு உலை அன்று. அணுகுண்டு ஆலையும் அன்று. வெள்ளீயச் சுரங்கங்களில் வெள்ளீயத்தைப் பிரித்தபின் எஞ்சும் மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதிலிருந்து, தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றுக்கு வேண்டிய அருமண் தனிமங்களைப் பிரிப்பதே அவ்வாலையின் தொழில். குமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி மணலில் 1909இல் கண்டறியப்பட்டதும் இதே கனிமந்தான். அருமண்ணைப் பிரித்து எடுத்தால் தோரியம் என்னும் கதிரியக்க உலோகம் கழிவில் மிஞ்சும். சிக்கல் அங்கேதான் தோன்றியது.

கழிவைச் சேமிக்க முதலில் தேர்ந்த இடம் பப்பான் என்னும் ஊருக்கு அருகில் இருந்தது. அவ்வூரார் 1984இல் எதிர்த்தெழுந்தனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தனர். தங்கள் குழந்தைகளின் நோய்க்கு ஆலையே காரணம் என்றனர் அவர்கள்; நிறுவனம் அதனை மறுத்தது. 1992 ஜூலை 11இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. எனினும், வென்ற நிறுவனமே 1994இல் ஆலையை மூடிவிட்டது. கழிவோ அங்கேயே கிடந்தது.

குன்றுக்குள் கல்லறை

பின்னர் நடந்த தூய்மைப் பணியை 2011இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு விரிவாக வெளியிட்டது. செலவு ஏறத்தாழப் பத்துக் கோடி அமெரிக்க டாலர். ஆலைக் கட்டடத்தையும், அதன் அடியிலிருந்த மண்ணையும், சில இடங்களில் 25 அடி ஆழத்துப் பாறை தட்டும்வரை தோண்டி எடுத்தார்கள். அவ்வாறு அகற்றியது 11,000 லாரிச் சுமை. மூன்று மைல் அப்பால் உள்ள காட்டுக் குன்று ஒன்றின் உச்சியை வெட்டி, உள்ளே அதனைப் புதைத்து, 20 அடிக்கு மேற்பட்ட கனத்தில் களிமண்ணும் கருங்கல்லும் கொண்டு மூடினார்கள். 80,000க்கு மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களில் இருந்த கடுங்கழிவைச் சிமெண்டும் ஜிப்சமும் கலந்து இறுக்கி, அக்குன்றிலேயே வைப்பது அடுத்த கட்டமாகத் திட்டமிடப்பட்டது.

களிமண் ஏன்? அது நீரை எளிதில் உட்புக விடாது. ஆகவே மழைநீர் கழிவைக் கரைத்து ஊற்றுக்குக் கொண்டு செல்வது தடைப்படும். வேறொரு பயனும் உண்டு. தோரியம் சிதையும் வழியில் தோரான் என்னும் வாயு பிறக்கிறது. ஏறத்தாழ 56 விநாடியில் அதில் பாதி சிதைந்து திடப்பொருளாகிவிடும். இருபது அடி மண்ணைக் கடந்து அது வெளியேறுவதற்குள் அதன் ஆயுள் தீர்ந்துவிடும். கருங்கல்லோ மண் அரிப்பைத் தடுக்கிறது.

தோரியத்தின் ஆயுளோ வேறு. அதில் பாதி சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். ஆகவே இங்கே தூய்மை என்பது அழித்தல் அன்று. இடம் மாற்றி, இறுக்கி, மூடி, காவல் காத்தலே ஆகும்.

காவலர் யார்?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஹான்போர்டில், 1944 முதல் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் செய்தார்கள். அங்கே 177 நிலத்தடித் தொட்டிகளில் கழிவு சேர்ந்தது. அதனைத் துப்புரவு செய்ய 1989இல் முத்தரப்பு உடன்பாடு கண்டார்கள். பணியைச் செய்வது மத்திய எரிசக்தித் துறை. கேள்வி கேட்பவை மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பும் மாநில அரசின் சூழலியல் துறையும். செய்பவரும் கண்காணிப்பவரும் ஒருவராக இருத்தல் ஆகாது என்பதே இதன் பாடம். ஆலையைத் திறக்கும்போதே அதனை மூடும் செலவையும் கணக்கில் வைத்தல் வேண்டும் என்பது ஈப்போ தரும் பாடம்.

மூன்றாவது பாடம் ஒன்றுண்டு, அது தமிழாசிரியர்க்குரியது. எந்த நிறுவனமும் எந்த அரசும் இக்கழிவின் ஆயுளுக்கு நிலைத்திரா. எச்சரிக்கையைக் கல்லில் பொறித்தால் போதாதோ எனில், போதாது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் பொறித்த எழுத்துகளை 1882இல் இராபர்ட் சீவல் கண்டார். அவற்றின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் நிறுவும்வரை, அவை தமிழர்க்கும் ஊமையாகவே இருந்தன. கல் நிலைத்தது, படிப்பார் தொடர்ச்சி அறுந்தது. அங்கே இழந்தது வரலாற்றை மட்டுமே. கழிவுக் குன்றின் எழுத்தைப் படிப்பாரின்றிப் போனால், தோண்டுகிறவன் உயிரே இழப்பாகலாம்.

ஆதலின், இன்ன குன்றில் இன்னது புதைந்துள்ளது, அதனைத் தோண்டலாகாது என்னும் செய்தியை ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். களிமண்ணும் கருங்கல்லும் கழிவைக் காக்கும். அவ்விடத்தின் நினைவைக் காப்பது பள்ளிக்கூடமே.