ஃபைட்டர் மீனுக்குச் செடி எதற்கு?

கடைகளில் சின்னக் குடுவையில் விற்கும் ஃபைட்டர் மீன், அதாவது பெட்டா, தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் செடிகொடிகளுக்கு நடுவே வாழ்ந்து பழகியது. செவுள் போக, நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி உறுப்பு ஒன்றும் உண்டு. சற்றுக் கவனித்தால் தெரியும்: விருட்டென மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். எனவே மிதக்கும் செடி நீர்ப்பரப்பை முழுதாக மூடிவிடக் கூடாது.

செடியின் பெரிய உதவி கண்ணுக்குத் தெரியாதது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளை அரிக்கும். வளரும் செடி அதை உரமாக உறிஞ்சிக்கொள்கிறது. அழுகும் இலையோ அதையே திரும்பத் தண்ணீரில் விடும். பழுத்த இலையை அன்றன்றே கிள்ளிவிடுங்கள். செடி இருந்தாலும் வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போதும். மங்கலான வெளிச்சத்திலும் வளரும். அவற்றின் கிழங்குத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிப்போகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். அகன்ற இலை மேற்பரப்பை ஒட்டி இருந்தால் மீன் அதில் சாய்ந்து ஓய்வெடுக்கும். கூரான பிளாஸ்டிக் செடி அதன் மெல்லிய துடுப்பைக் கிழித்துவிடும்.

பூச்சாடியில் பெட்டாவை விட்டு, மேலே செடி வைத்தால், மீன் வேரைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். நம்பாதீர்கள். கொசுப்புழுவும் பூச்சியும் தின்னும் மீன் அது. வேரோடு விட்டால் பட்டினிதான்.