வீட்டுக் கழுவு நீரும் தோட்ட நிலமும்

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது விவசாயத்திற்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று அநேகர் நினைப்பதுண்டு. கிராமத்து வீடுகளில் பாத்திரம் துலக்கிய தண்ணீரும், துணி துவைத்த தண்ணீரும், தரை கழுவிய தண்ணீரும் எங்கே போய்ச் சேருகின்றன என்பதைச் சற்றுக் கவனித்தால் இவ்வெண்ணம் சரியன்று என்பது விளங்கும். அந்நீரில் ஒரு பகுதி கொல்லையிலுள்ள வாழைக்கும், தென்னைக்கும், கீரைப் பாத்திக்கும் பாய்கிறது. மீதி குளத்திலோ வாய்க்காலிலோ விழுகிறது. ஆகையால் வீட்டில் எந்த வஸ்துவைக் கொண்டு கழுவுவது என்பது நிலத்தையும் பாதிக்கும் விஷயமே.

சலவைச் சோடாவும் களர் நிலமும்

சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட் என்னும் உப்பு. கடையில் விற்கும் சலவைத் தூள்கள் பலவற்றில் இது சேர்ந்திருக்கிறது. களர் நிலத்தைக் கெடுக்கும் உப்புக்களில் முக்கியமானதும் இதுவே. இவ்வுப்பிலுள்ள சோடியம் களிமண்ணில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புச் சத்தை விலக்கிவிட்டு அவ்விடத்தைத் தான் பற்றிக்கொள்கிறது. அதனால் மண்ணின் கட்டுக்கோப்பு குலைந்து, நனைந்தால் சேறாகவும், உலர்ந்தால் செங்கல் போலவும் ஆகிவிடுகிறது. தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட நிலத்தைத் திருத்துவதற்காக விவசாயிகள் ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, மிகுந்த பணமும் உழைப்பும் செலவிடுகிறார்கள். வயலில் இவ்வளவு பாடுபட்டு நீக்கும் உப்பையே கொல்லை வாழைக்குத் தினந்தோறும் பாய்ச்சுவது எவ்வளவு விவேகமற்ற காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விஷ வஸ்துக்களால் நேரும் அபாயம்

கழிப்பிடம் கழுவுவதற்கென்று விற்கப்படும் திராவகங்கள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. இதையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 22-ந் தேதி, பெல்ஜியம் தேசத்து ஈப்ர் என்னும் ஊரருகே நடந்த யுத்தத்தில் சேனைகளின்மேல் ஏவப்பட்டது இந்த வாயுவே. கதவடைத்த சிறு அறையில் இதைச் சுவாசிப்பவருக்கு மார்பு அடைத்து உயிருக்கே ஆபத்து நேரிடலாம். இவ்விரண்டையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்கலாகாது.

திராவகங்களைக் குடிபானப் புட்டிகளில் ஊற்றி வைப்பதும் பெருந்தவறு. குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வெளியே வரும்போது திராவகம் தொண்டையை மறுபடியும் புண்ணாக்கும். வாயைத் தண்ணீரால் கொப்புளிக்கச் செய்து, புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பூவந்திக் கொட்டையின் குணம்

மேற்கூறிய வஸ்துக்களில் பெரும்பாலானவற்றிற்குப் பதிலாக உபயோகிக்கத்தக்க பொருள் வரப்போர மரத்திலேயே காய்க்கிறது. அதுவே பூவந்திக் கொட்டை. பூந்திக் கொட்டை என்றும், பொன்னாங்கொட்டை என்றும் சொல்வார்கள். லின்னேயஸ் என்னும் தாவர சாஸ்திரி 1753-ம் வருஷத்தில் இம்மரத்தின் இனத்திற்கு இட்ட ஸாப்பிண்டஸ் என்னும் பெயர், இந்திய தேசத்துச் சோப்பு என்னும் பொருளுள்ள லத்தீன் சொற்களிலிருந்து வந்ததாகும்.

கொட்டையின் மேல்தோலில் ஸாபோனின் என்னும் நுரைக்கும் சத்து இருக்கிறது. இச்சத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீரோடு கலக்கச் செய்து அழுக்கை அகற்றுகிறது. உள்ளேயுள்ள கறுப்பு விதையால் கழுவுவதற்குப் பயனில்லை. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்றுத் தண்ணீரில் சாதாரணச் சோப்பு நுரைக்காமல் வெள்ளைக் கசடாகத் திரிந்து வீணாவதை யாவரும் கண்டிருப்பர். பூவந்தி நீர் அவ்வாறு திரிவதில்லை. கடின நீரையே நம்பியிருக்கும் கிராமங்களுக்கு இது பெரிய அனுகூலம்.

தயாரிக்கும் முறை

நன்றாகப் பழுத்து உதிர்ந்த கொட்டைகளை வெயிலில் உலர்த்தி, உடைத்து, விதையை நீக்கிவிட வேண்டும். உலர்ந்த தோல் 100 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் கால் மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். ஆறியபின் கையால் நன்றாகப் பிசைந்து துணியில் வடிகட்டினால் பழுப்பு நிறமான கழுவு நீர் கிடைக்கும். இது இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் கெடாமல் இராது. ஆகையால் அவ்வப்போது தேவையான அளவே தயாரிப்பது நலம். உலர்ந்த தோலை ஈரம் படாத ஜாடியில் மூடி வைத்தால் பல மாதங்கள் கெடாது. தோலை இடிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்; அதன் தூள் கடுந் தும்மலை உண்டாக்கும்.

உபயோகிக்கும் விதம்

எண்ணெய்ப் பாத்திரங்களை இந்நீரில் தோய்த்த தேங்காய் நாரினால் தேய்த்துக் கழுவலாம். தரை கழுவ ஒரு வாளித் தண்ணீருக்குக் கால் லிட்டர் போதும். பட்டு, கம்பளி முதலிய துணிகளுக்குக் காய்ச்சாமல் ஊறவைத்து வடித்த நீரே ஏற்றது. வெள்ளைத் துணியில் லேசான பழுப்பு ஏறக்கூடுமாதலால், முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வயல் வேலைக்கும் இது உதவும். வேப்பெண்ணெய் தண்ணீரோடு கலவாது. எண்ணெயைப் பூவந்தி நீரில் சிறிது சிறிதாக விட்டு, பால் போல் ஆகும்வரை கலக்கி, பிறகு வேண்டிய தண்ணீர் சேர்த்தால் தெளிப்பதற்கு ஏற்றதாகும்.

புளியும் சாம்பலும்

பித்தளை, செம்புப் பாத்திரங்களின் களிம்பைப் போக்கப் புளியே போதுமானது. அதிலுள்ள புளிப்புச் சத்து களிம்பைக் கரைத்துவிடும். தேய்த்தவுடன் நன்றாக அலம்பித் துடைக்க வேண்டும். ஈயம் பூசிய பாத்திரத்தை மணலாலும் சாம்பலாலும் அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும். பூச்சு போன பித்தளையில் குழம்பும் ரசமும் சமைப்பது உடம்புக்குக் கெடுதி. கடின நீரால் வெந்நீர்த் தவலையில் படியும் உப்புப் படிவமும் புளிக் கரைசலை ஊற்றி ஊறவைத்தால் இளகும்.

விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருப்பதால் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கும். ஆனால் அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும். சாம்பல் தண்ணீர் செடிக்குச் சாம்பல் சத்தைக் கொடுத்தாலும் காரமுள்ளதே. களர்த் தன்மையுள்ள மண்ணில் அதைக் கொட்டலாகாது. பிளாஸ்டிக் குப்பையை எரித்த சாம்பலைப் பாத்திரத்திற்கும் உபயோகிக்கக் கூடாது, நிலத்திலும் இடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

மரத்திலிருந்து கிடைப்பதால் பூவந்தி முற்றிலும் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். உடனே ஏராளமான நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவ வேண்டும். ஸாபோனின் மீன்களுக்கு விஷம். மீன் வளர்க்கும் குளங்களில் வேண்டாத மீன்களை அழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு இடுவது வழக்கம். அதிலும் இவ்வகைச் சத்தே வேலை செய்கிறது. ஆகையால் பூவந்தி நீரைக் குளத்திலும் மீனுள்ள வாய்க்காலிலும் விடக் கூடாது. கொல்லையில் பாய்ச்சும்போதும் ஒரே மரத்தடியில் விடாமல் இடம் மாற்றி விடுவது உத்தமம்.

பூவந்தி அழுக்கை நீக்குமேயன்றி, தொற்று நோய்க் கிருமிகளைக் கொல்லும் மருந்தன்று. வாந்திபேதி முதலிய நோய் கண்ட வீட்டில் துணிகளைக் கொதிக்கும் நீரில் இட்டெடுக்க வேண்டும். அக்காலத்தில் சுகாதார ஊழியர்கள் பிளீச்சிங் பவுடர் உபயோகிக்கச் சொன்னால், வீட்டு மருந்தே போதுமென்று மறுக்கலாகாது.

மரம் வளர்த்தல்

பூவந்தி வறண்ட பிரதேசங்களிலும் தாங்கி வளரும். விதையின் ஓடு கடினமானதாகையால் தண்ணீரில் ஊறவைத்துப் பைகளில் விதைத்து, நாற்று நன்றாக உயர்ந்தபின் மழைக்கால ஆரம்பத்தில் நட வேண்டும். முதல் இரண்டு வருஷங்கள் ஆடு மாடுகள் கடிக்காமல் முள்வேலி அவசியம். விதையிலிருந்து வளரும் மரம் காய்க்கப் பல வருஷங்கள் ஆகும். தாத்தா நட்ட புளியமரத்தில் பேரன் பழம் உலுக்குவது போலவே இதுவும். நிழல் பயிரைப் பாதிக்காத வரப்பு மூலையையும் வீட்டுக் கொல்லையையும் இதற்கு ஒதுக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் உரிய அனுமதியுடன் பள்ளிக்கூட வளாகங்களிலும் சாலையோரங்களிலும் சில மரங்கள் நட ஏற்பாடு செய்யலாம். மீன் வளர்க்கும் குளத்தங்கரை மட்டும் இதற்கு ஏற்ற இடமன்று. குடிதண்ணீர்க் குளத்தில் துணி துவைப்பதைத் தடுத்து, கழுவு நீர் குளத்திற்கு வராமல் தனியே ஒதுங்கும்படி துவைக்கும் கல் அமைத்துக் கொடுப்பதும் அவர்கள் கவனிக்க வேண்டிய காரியமாகும்.

ஒவ்வொரு குடும்பமும் வருகிற மாசி, பங்குனி மாதங்களில் உதிரும் கொட்டைகளைச் சேகரித்து வைத்து, முதலில் பாத்திரம் துலக்குவதற்கு மட்டுமாவது உபயோகித்துப் பார்க்கலாம். இதனால் கடைச் செலவு குறைவதோடு, கொல்லை மண்ணும் களராகாமல் காக்கப்படும்.