கும்பகோணம் போனால் பட்டறையும் பார்ப்போம்



குழுவாகச் சுற்றுலா போனால் என்ன செய்கிறோம்? கோயில் கோயிலாக இறங்கிக் கும்பிட்டு, வளையல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். கும்பகோணம் போகும்போது அதோடு நிறுத்த வேண்டாம். அது கோயில் ஊர் மட்டும் இல்லை; வெற்றிலை, பாத்திரம், பட்டு என்று காலங்காலமாக வியாபாரம் நடக்கிற ஊர். பொருள் செய்து விற்கிற நமக்கு அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கு.

ஊருக்குள் முதலில் மகாமகக் குளம். சுற்றிலும் 16 மண்டபங்கள். 12 வருஷத்துக்கு ஒரு தடவை மகாமகம். 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். நிதானமாகப் பார்க்க சாதாரண நாளே நல்லது.

பக்கத்திலேயே தாராசுரம். இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில். கல்லிலேயே தேர்ச் சக்கரமும் குதிரையும் செதுக்கியிருக்காங்க. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அடுத்து சுவாமிமலை. முருகனைக் கும்பிட்டுவிட்டு சிலைப் பட்டறைக்குப் போங்க. முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒரு சிலைக்கு ஒரு அச்சு.

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கைப் பாகம் பாகமாக வார்த்து, கடைந்து, மெருகேற்றிப் பொருத்துகிறார்கள்.

இந்தச் சிலைக்கும் விளக்குக்கும், திருபுவனம் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அப்படின்னா, வேறு ஊரில் செய்த பொருளை அந்த ஊர்ப் பேர் சொல்லி விற்கக் கூடாது. தரத்தால் வந்த பேருக்கு சட்டம் தரும் காவல் இது.

பட்டறையில் அனுமதி கேட்டு உள்ளே போங்க. உலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். மூலப்பொருள் எங்கே வாங்குறாங்க, எத்தனை நாள் வேலை, விலையை யார் வைக்கிறாங்க, கடைக்காரருக்கு எவ்வளவு, செய்தவருக்கு எவ்வளவு என்று கேளுங்க. ஒருத்தர் குறித்துக்கொள்ளட்டும்.

திரும்பி வந்ததும் அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்: நாம் போடுகிற ஊறுகாயை, பின்னுகிற கூடையை நம்ம ஊர்ப் பேர் சொல்லிக் கேட்டு வாங்க, நாம் என்ன செய்யணும்?